ஆதியில் ஒலி

முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்து, அச்சுப்பிழை திருத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கண் ஓயவில்லை. கண்டியில் அரசாங்கப் பலகைகளிலும் பஸ்களிலும் தமிழ் எங்கெங்கே கொலையாகியிருக்கிறதோ, அங்கெல்லாம் படமெடுத்து, கேலியாக நாலு வரி சேர்த்து பழைய நண்பர்களுக்கு அனுப்புவேன். ஆகவே எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் விசுவாசமும் விஞ்ஞானமும் பற்றிக் கூட்டம் வைத்தபோது, பேனரின் மெய்ப்பு என்னிடமே வந்தது. கூட்டத்தின் தலைப்பு 'ஆதியில் ஒளி'.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு சொந்த அக்கறை இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மகள் இரண்டு வருடமாகக் கோயிலுக்கு வருவதில்லை. உலகத்தின் வயது ஆறாயிரம் வருடம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து ஞாயிறு காலையைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். இந்தத் தலைப்பைச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சரிப்பா, ஒரே ஒரு தடவ. கத விட்டாங்கன்னா எழும்பிப் போயிருவேன்."

குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அச்சகத்திலிருந்து மெய்ப்பு கைபேசிக்கு வந்தது. தெல்தெனிய பஸ்ஸில் நின்றபடியே திகதி, நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து, சரி என்று பதில் போட்டேன். பெரிய பிழைகள் பெரிய எழுத்தில்தான் தப்பிக்கும் என்று பத்திரிகையில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்த்தேன். மேடையின் முழு அகலத்துக்கும் 'ஆதியில் ஒலி'.

வெளியூரிலிருந்து வந்திருந்த போதகரும் பேனரைப் பார்த்தார். கையில் வைத்திருந்த பிரசங்கத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"கடவுள் என்ன செஞ்சார்? பேசினார்! பேச்சுன்னா என்ன? ஒலி! விஞ்ஞானி என்ன சொல்றான்? பெருவெடிப்பு! வெடின்னா என்ன?"

"ஒலி!" என்றது சபை.

பக்கத்துக் கதிரையிலிருந்த சபைச் செயலாளர், யாழ்ப்பாணத்துக்காரர், என் காதருகே குனிந்தார். "அருமையான தலைப்பு. நீங்கள் வேணுமெண்டுதான் மாத்தினனீங்களோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, அறிக்கையில உங்கட பேரையும் போடுறன்."

மறுபக்கத்தில் மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அது பட்டாசு வெடிக்கிற மாதிரி வெடிப்பு இல்லப்பா. அண்டவெளியே விரிஞ்சது. இவரு உங்க எழுத்துப்பிழைய வச்சு உலகத்தையே படைக்கிறாரு. நான் போறேன்."

உலகத்தை உண்டாக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். எப்படி உண்டாக்கினார் என்பதை என் மகளின் புத்தகங்களிடம் விட்டுவிடுவதில் எனக்குச் சங்கடமில்லை. ஆனால் அவருக்குச் சாட்சி சொல்ல, பஸ்ஸில் நான் தவறவிட்ட ஒரு 'ல' போய் நிற்பதுதான் பொறுக்கவில்லை. அவள் எழும்புவதற்கு முன் நான் எழும்பினேன்.

"ஐயா, அது ஒளி. மெய்ப்புப் பார்த்தது நான். பிழை என்னுடையது."

போதகர் சிரித்தார். "பாருங்க, ஐயாவோட தாழ்மைய!"

"தாழ்மை இல்லீங்க, கவனக்குறைவு."

"கவனக்குறைவையும் கடவுள் பயன்படுத்துவார்!"

"ஆமென்!" என்றது சபை. எல்லோரையும்விடச் செயலாளரின் குரல் உரக்கக் கேட்டது.

மகள் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். "ஐயா, ஒளின்னு சரியா அடிச்சிருந்தா இன்னிக்கு என்ன பேசியிருப்பீங்க?"

போதகரின் கை தாள் இருந்த சட்டைப்பை வரை போய், அதை எடுக்காமலே திரும்பியது. நேரமாகிவிட்டதால் ஜெபத்தோடு முடிப்போம் என்றார். சுவர்க் கடிகாரத்தின்படி இன்னும் அரை மணி நேரம் மீதமிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. பேனரை மகள் எடுத்தது. கீழே, 'கண்டியில் தமிழ்க் கொலை. கொலையாளி தானாகவே சரணடைந்தார். அடுத்த தடவ மெய்ப்ப நான் பாக்குறேன்' என்று எழுதியிருந்தாள்.

அடுத்த தடவை. எழுத்து சிறியதுதான். இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தேன்.