சாம்பாரின் வயது

போன செவ்வாய்க்கிழமை என் மகள் எங்கள் வீட்டு சாம்பாரைக் கைது செய்தாள்.

ரம்யா இங்கே அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஆறாம் வகுப்பு. சோஷியல் ஸ்டடீஸில் ஒரு ப்ராஜெக்ட். ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஆயிரத்து எண்ணூறுக்குள் சாதாரண ஜனங்களின் வீடும் தெருவும் எப்படி மாறின? ஒவ்வொருவரும் தங்கள் முன்னோர்களின் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே, மாற்றமெல்லாம் வருவதற்கு முன் அவர்கள் சாப்பிட்ட ஒரு பதார்த்தம். வெள்ளிக்கிழமை வகுப்பே ருசி பார்க்கும். கிரேடு உண்டு.

"சாம்பார்னு எழுதிக்கோ. நம்மாத்துல ரெண்டாயிரம் வருஷமா அதான்" என்றேன். ஆதாரம்? அப்பா நான் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தும்விட்டாள். அப்புறம்தான் லைப்ரரி புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, சில்லி இஸ் ஃப்ரம் ஹியர். டொமேட்டோவும். போர்ச்சுகீஸ் ஷிப்ல இண்டியா போச்சு. யூ ஜஸ்ட் மேட் இட் அப்."

"உருளைக்கிழங்கு?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"தட் டூ."

ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து திரும்பும்போது நியூவர்க் கஸ்டம்ஸில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு கிலோ மிளகாய்ப்பொடி கொண்டுவருபவன் நான். மிளகாயின் பிறந்த வீட்டுக்கே மிளகாயைச் சீராகச் சுமந்திருக்கிறேன்.

அந்த முந்நூறு வருஷத்தில் நம் ஊர்களில் என்னதான் நடந்திருக்கும்? கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மிளகாய் கடைத்தெருவுக்கு வந்தது — பிறகு கொல்லைக்கு, பிறகு அம்மிக்கு. யாரும் தீர்மானம் போடவில்லை. "இதென்ன சிவப்பா, கண்றாவி" என்று யாரோ ஒருவர் இலையை விட்டு எழுந்து போயிருப்பார். அவர் பேரன் மிளகாய் இல்லாமல் இலையில் உட்கார்ந்திருக்கவே மாட்டான்.

"ஃப்ரைடே நான் என்ன எடுத்துண்டு போறது?" ரம்யாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் சேராத சமையல் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறதே... திவசம். உயிரோடிருப்பவர்கள் மாறிவிட்டோம். போய்ச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இன்றும் பழைய மெனு.

"மிளகுக் குழம்பு, வாழைக்காய்க் கறி" என்றேன் மனைவி கோமதியிடம்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "நன்னாயிருக்கு. எல்லாரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கச்சே தெவசச் சமையலா? அதுவும் குழந்தைகளுக்கு?"

"அம்மா, ப்ளீஸ்."

கோமதி மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு பார்வை. பிறகு பெருங்காய டப்பாவை எடுத்தாள்.

"தெவசத்துல இது கிடையாது. இதைப் போட்டுட்டா அது வெறும் குழம்பு. நீங்க பேசாம ஐசலின் இண்டியன் கடைக்குப் போய் வாழைக்காய் வாங்கிண்டு வாங்கோ."

சாஸ்திரத்தை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வெள்ளிக்கிழமை, ரைஸ் குக்கரைக் கட்டிக்கொண்டு வகுப்பின் மூலையில் நின்றேன். ரம்யா கப்பலைப் பற்றிப் பேசினாள், கடைத்தெருவைப் பற்றிப் பேசினாள். சாம்பார் என்று எழுதியது தப்பு என்றும் ஒப்புக்கொண்டாள். "மை டாட் டோல்ட் மீ." மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு குழம்பைக் காட்டி, எங்கள் முன்னோர்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது, அதனால் வருஷா வருஷம் அவர்களுக்கு இப்படித்தான் சமைப்போம் என்று இங்கிலீஷில் விளக்கினாள்.

முதல் வரிசைப் பெண்ணின் ஸ்பூன் பாதியில் நின்றது. "ஆர் தே டெட்?"

"யெஸ்" என்றாள் ரம்யா. "பட் நாட் ஃப்ரம் திஸ்."

முதலில் சிரித்தது டீச்சர். மறுபடி தட்டை முதலில் நீட்டியதும் அவர்தான். பத்து நிமிஷத்தில் பாத்திரம் காலி. கிரேடு, ஏ.

நியூ ஜெர்ஸியில் திவசத்துக்கு முன்னோர்களின் இடத்தில் இலையில் உட்கார இரண்டு பேர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்றைக்கு இருபத்திரண்டு பேர்... இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.