பாடமாக்கிய நம்பர்

லண்டனில் டெலிபோன் நம்பர்கள் தீர்ந்துபோகின்றன என்று அரசாங்கம் சொன்னபோது நான் சிரித்தேன். மண்ணெண்ணெய் தீரும், பாண் தீரும், சீனி தீரும். இவையெல்லாம் தீர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன். நம்பர் எப்படித் தீரும்? எண்ணிக்கொண்டே போகலாமே. என் கணவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நம்பருக்கு முன்னால் அடிக்கிற ஊர்க் குறி ஒன்றுக்குக் கீழே இவ்வளவு நம்பர்தான் கொடுக்கலாம் என்று ஓர் அளவு இருக்கிறதாம். வீட்டுக்கு வீடு போன், கந்தோருக்குக் கந்தோர் ஃபக்ஸ் என்று வந்துவிட்டதால் இனிக் கொடுக்க மிச்சமில்லையாம். அதனால் லண்டன் முழுவதற்கும் இருந்த 01 என்ற குறியை எடுத்துவிட்டு, நடுவில் இருப்பவர்களுக்கு 071, சுற்றி இருப்பவர்களுக்கு 081 என்று இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள். அப்படிப் பிரித்தால் ஒரே நம்பரை அங்கேயும் கொடுக்கலாம், இங்கேயும் கொடுக்கலாம். இதற்கென்று ஓர் அலுவலகம், அதற்குள் இருந்து யோசிக்கச் சில பேர். கெட்டிக்காரர்கள்தான் என்றேன்.

நாங்கள் மோர்டனில் இருந்தோம். எங்களுக்கு 081. எட்டு சனியின் எண் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விம்பிள்டன் கோயிலில் சனிக்கிழமைகளில் ஒருவர் எள்ளெண்ணெய் எரித்துக்கொண்டிருந்தார். ஏழரைச் சனியோ என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, டெலிபோனுக்கு" என்றார். கல்யாணம் பேசுகிற ஒரு அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் 071 என்று அதை ஒரு பட்டம் மாதிரிச் சொல்லத் தொடங்கினார். அந்த 071 ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான்.

எங்கள் நம்பர் எங்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எண்பத்தைந்தில் வீட்டுக்குப் போன் இணைப்பு எடுத்தபோது எங்கள் ஊர் ஆட்களில் லண்டனில் போன் வைத்திருந்தது நாங்களும் இன்னும் ஒரு குடும்பமும்தான். ஊரை விட்டு வெளிக்கிட்ட பெடியன்கள் எல்லாரும் அந்த நம்பரைப் பாடமாக்கினார்கள். துண்டில் எழுதிக் கொண்டுபோக ஏலாது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற ஏஜென்டுமார் முதலில் சொல்லுவதே அதுதான்: சட்டைப்பையில் ஒரு கடதாசியும் இருக்கக்கூடாது, பிடிபட்டால் எங்கே போகிறாய் என்பது தெரிந்துவிடும். அதனால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுவதுபோல நாட்டுக் குறியில் இருந்து கடைசி எண் வரை ஒரே மூச்சில் சொல்லிப் பழகினார்கள். முகமே தெரியாத ஒருவன் ஏதோ ஒரு விமான நிலையத்தில் இருந்து போன் எடுத்து, "அக்கா, நான் இன்னாற்றை மகன்" என்பான். நான் அவனுடைய அம்மாவுக்குச் செய்தி அனுப்புவேன். எரிச்சலும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

எல்லாருக்கும் அப்படிப் பெருமை இருக்கவில்லை. போன் அடித்தால் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தேவை. ஸ்பொன்சர் கடிதம் வேண்டும், இருக்க இடம் வேண்டும், ஏஜென்டுக்குக் காசு அனுப்ப வேண்டும். தாங்க ஏலாமல் சிலர் நம்பரை மாற்றினார்கள். புது நம்பரை நாலு பேருக்கு மட்டும் சொன்னார்கள். எங்கள் ஊரின் மற்றக் குடும்பம் அப்படித்தான் செய்தது. அந்த வீட்டுக்காரரின் தம்பிமார் ஊரை விட்டு வெளிக்கிட்டு வழியில் நின்ற நேரம் அது. "அவை நம்பரை மாத்திப்போட்டினமாம்" என்று ஒரு குடும்பத்தைப் பற்றிக் கோயில் வாசலில் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இரத்த உறவின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அதைவிடக் கேவலமாக ஒருவரைப் பற்றி அந்த நாளில் எங்களிடையே சொல்ல முடியாது. நானும் அந்தக் குடும்பத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

என் ஒரே தம்பி எண்பத்தொன்பது முடியும் நேரத்தில் வெளிக்கிட்டான். கொழும்பு, சிங்கப்பூர், பிறகு பாங்கொக். அங்கே ஒரு வீட்டில் இருபது பேரோடு அடைந்து கிடந்தான். நினைத்த நேரம் எடுக்க முடியாது, ஏஜென்டின் ஆள் வெளியே கூட்டிக்கொண்டு போகும்போதுதான் எடுப்பான். நான் அவனை எடுக்க வழியே இல்லை. அந்த வீட்டில் போன் இல்லை, அந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. கயிற்றின் ஒரு நுனி மட்டும் என் கையில் இருந்தது, இழுக்க வேண்டியவன் அவன்.

கடைசியாக மாசி மாதம் எடுத்தான். "அக்கா, எங்களை வேறை இடத்துக்கு மாத்தப்போகினமாம். போய்ச் சேர்ந்தாப்பிறகு எடுக்கிறன்" என்றான். நான் "சாப்பிட்டியோடா?" என்று கேட்டேன். "ஓம்" என்றதோடு லைன் வெட்டுப்பட்டது. வைகாசியில் குறி மாறப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். அறிவித்தல் கடதாசி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஆனால் பட்டினி கிடக்கிற தம்பி போன் எடுத்தால் எந்த அக்காவுக்கும் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

குறி மாற ஒரு கிழமை இருக்கும்போது நான் டெலிபோன்காரருக்கு எடுத்து, வெளிநாட்டில் இருந்து ஒருவர் பழைய நம்பரை அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரி. கவலைப்பட வேண்டாம், குறி மாறிவிட்டது என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும், அவர் விளங்கிக்கொண்டு புதிதாக அடிப்பார் என்றாள். கேட்டபோது பெரிய நிம்மதியாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேப்பரில் போட்டார்கள், டிவியில் போட்டார்கள், வீடு வீடாகக் கடதாசி போட்டார்கள். லண்டன் நம்பர் ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கேயோ ஒளித்திருக்கிறவனுக்கு எப்படிச் சொல்லுவது என்று மட்டும் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வைகாசி போனது, ஆனி போனது. தம்பி எடுக்கவில்லை. அந்த ஆனியில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நின்றது. வேலைக்குப் போனாலும் மனம் போனடியிலேயே கிடந்தது. பிள்ளைகள் கூட்டாளிகளோடு கதைத்தால், லைனை வை என்று சத்தம் போடுவேன். பாங்கொக் வழியாக வந்த பெடியன்களைத் தேடித் தேடிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊரில் இருந்து முதல் கடிதம் வந்தபோது அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: தம்பி சுகமாக இருக்கிறான். எங்கே என்று இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடத்தை எழுதாததை நான் பிழையாக எடுக்கவில்லை. கடிதங்களை வழியில் உடைத்துப் பார்க்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆம்பிளைப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்று ஒரு தாயும் எழுதமாட்டாள். அதே காரணத்தால் நானும் புது நம்பரை எழுதவில்லை. வெளிநாட்டு நம்பர் ஒன்று கடிதத்தில் அகப்பட்டால், தனிய இருக்கிற அம்மாவை யார் யாரோ வந்து விசாரிப்பார்கள். "தம்பியைக் கட்டாயம் எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். அம்மா அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. அம்மாவின் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. சண்டைக்குள் மனுசி என்னத்தை எழுதுவா என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் அம்மா காலமானார். நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஊருக்குப் போக முடியாது, கொள்ளி வைத்தது யார் என்றுகூடத் தெரியாது. மோர்டன் வீட்டில் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனேன்.

அதற்கு அடுத்த வருடம் குட்மேய்ஸில் தெரிந்த ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர் வழமைபோலக் கல்யாண வீடியோ போட்டார். யாருடைய கல்யாணம் என்றாலும் பார்க்க வேண்டும், அது அந்த நாளையச் சட்டம். ரொறொன்ரோவில் நடந்த கல்யாணம், பெண் அவருடைய தூரத்துச் சொந்தம். மணவறையில் தலைப்பாகையோடு இருந்தவன் என் தம்பி. மெலிந்திருந்தான், மீசை வைத்திருந்தான். நான் சத்தம் போட்டேனோ என்று ஞாபகமில்லை. என் கணவர் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் அவள். அந்த இடத்தில் யாரோ ஒரு பிள்ளை, எனக்குத் தெரியாத ஒருத்தி, சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பாவம், அவள் என்ன செய்தாள்.

வீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையில் நின்று அடித்தேன். அவனே எடுத்தான். குரல் மாறவில்லை. "நான் அக்கா" என்றேன்.

"ஏன்டா எடுக்கேல்லை?" என்று கத்தினேன். நாலு வருட அழுகையும் கோபமாகத்தான் வந்தது.

"எடுத்தனான் அக்கா" என்றான் மெதுவாக. "ஆடி மாசம். ஏஜென்ட் அடைச்சு வைச்ச இடத்திலையிருந்து முதல்முதல் வெளியிலை விட்டவுடனை உங்களுக்குத்தான் எடுத்தனான். ஒரு வெள்ளைக்காரி கதைச்சா. மாறிப்போச்சு எண்டு சொன்னா."

"பிறகு என்ன? குறிதானே மாறினது. லண்டன் முழுக்க மாத்தினவங்கள். அவ சொன்னது விளங்கேல்லையோ உனக்கு?"

"மாறினது எண்டது விளங்கினது அக்கா. ஏன் மாத்தினனீங்கள் எண்டதும் விளங்கினமாதிரித்தான் இருந்தது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் தீர்ந்துபோனதை, 071ஐ, 081ஐ, எள்ளெண்ணெய் எரித்தவரைக்கூடச் சொன்னேன். இடையில் அவன் சிரித்தான். தன்னோடு அடைபட்டுக் கிடந்த ஒருவனுக்குக் கனடாவில் தமையன் இருந்தான், அவன்தான் காசு கட்டி இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டான் என்றான். கல்யாணத்துக்குச் சொல்லாதது பிழைதான் என்றான். அவன் என்னை நம்பினான், அது எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் இருந்து ஒரு கல்லை இறக்கினதுபோல இருந்தது. பிறகு அவன், "அக்கா, நான் அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொல்லியனுப்பினனான்" என்றான்.

"என்னெண்டு?"

"கொழும்புக்கு வந்த மாமியிட்டை. அக்கா நம்பரை மாத்திப்போட்டா, என்னை வேண்டாமாம் எண்டு."

அம்மா என்ன சொன்னார் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"'எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லு எண்டு எழுதுறாள், நம்பரை மட்டும் எழுதுறாளில்லை. அவளுக்கும் மனுசன், பிள்ளையள் இருக்கு. அங்கை என்ன கரைச்சலோ. நீ அவளோடை கோவிக்காதை. நான் கோவிக்கேல்லை.' மாமி திரும்பக் கொழும்புக்கு வந்த நேரம் அப்பிடியே சொன்னவ."

நான் கோட்டோடு படிக்கட்டில் இருந்துவிட்டேன். மூன்று வருடமாக அம்மா என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டு, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அந்தச் சின்னக் கடிதங்களை எழுதியிருக்கிறார். நான் செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் அம்மா, நான் மாற்றவில்லை என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் லைனில் இருந்தது தம்பி. "அக்கா, நிக்கிறீங்களோ?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.