கத்தரித்த கயிறு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ராஜபாளையத்துப் பஞ்சரவை ஆலையின் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. யந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே ஒரு பெண்ணின் அலறல் எழுந்து, பாதியிலேயே அடைத்துப்போனது. நான் கொண்டுபோயிருந்த சோற்றில் அப்போதுதான் கைவைத்த என் மூத்த மகள், கையைத் துடைத்தபடியே எழுந்து ஓடினாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்தவளுக்கு அங்கே இடம் காலியில்லை. ஆலையில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள், ஒரு நர்ஸ் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு அதில் சம்மதமில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்று நேர்ந்தால் பதில் சொல்ல டாக்டரம்மா உண்டு. இங்கே இவளுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு மருந்துப்பெட்டி, அவ்வளவுதான். தொடக்கத்தில் பெண்கள் அந்தப் பக்கமே வரவில்லையாம். "ஏட்டி, வெள்ளச்சீல வந்திருக்கு. யாரு வெரல வெட்டணும்னு கேக்கப் போவுதோ" என்று அவள் காதுபடவே சிரிப்பார்களாம்.

அன்று மகளின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பருத்தியைத் தள்ளக் குனிந்த ஒரு பெண்ணின் தாலிக்கயிற்றை உருளை இழுத்துச் சுற்றியிருந்தது. யாரோ பெல்ட்டைத் தட்டிவிட்டு யந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் உருளை பின்னால் திரும்பவில்லை. அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சுற்றி நின்றவர்களில் மூட்டைக் கயிறு அறுக்க அரிவாள் வைத்திருந்தவர்களும் உண்டு. ஒருவரும் கை நீட்டவில்லை. என் கழுத்திலும் தாலி கிடந்தது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. மகள் கத்தரிக்கோலை நுழைத்துக் கயிற்றை வெட்டினாள்.

அந்தப் பெண்ணை மகளின் அறைக்குத் தூக்கிப்போய்ப் பெஞ்சில் கிடத்தினோம். மூச்சு வந்தது, ஆனால் இழுத்து இழுத்துத்தான் வந்தது. அதே ஆலையில் வேலை செய்த அவள் மாமியார் வாசலில் உட்கார்ந்து மாரிலடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். "எம் மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில தாலிய அறுத்துட்டாளே வேதக்காரி" என்றாள். கிறிஸ்தவர்களான எங்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கூட்டம் கூடிவிட்டது. கணக்குப்பிள்ளை வந்து, புருஷன்காரன் சோழபுரத்துக்குப் பருத்தி வண்டி ஓட்டிப் போயிருக்கிறான், அவன் வந்து என்ன சொல்கிறானோ அதுதான், போகச் சொன்னால் உங்கள் மகள் இன்றே போய்விட வேண்டும் என்றார். அவன் போகச் சொல்வதோடு நிறுத்துவானா என்பதுதான் என் பயம். பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிடலாம் என்று மகளின் காதில் சொன்னேன்.

"இவளுக்கு மூச்சு இன்னும் சீராகலம்மா. நான் போனா யாரு பாப்பா?" என்றாள்.

இப்போது என் மகள் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள். வாசலில் ஆண்குரல் உயர்ந்து கேட்டால், அன்றைய படபடப்பு இன்றும் எனக்கு வந்துவிடுகிறது. அன்று அந்த அறைக்குள் நான் செய்யாத ஜெபமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. கையில் சாட்டையோடு ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். எழுந்துபோய் மகளுக்கு முன்னால் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் கிடந்தவளின் கழுத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பினான்.

"ஏத்தா, நாந்தான் உசுரோட நிக்கேனே. யாருக்கு ஒப்பாரி வைக்க?"

வெளியே சத்தம் அடங்கியது. சாட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் மகளிடம் சொன்னான்:

"கயித்த நான் கட்டிக்கிடுதேன் தாயி. கழுத்த நீ பாத்துக்க."