பால் டின்னும் கிருத்திகை வண்டியும்

அவள் வீட்டில் டெலிபோன் இருந்தது. மற்றதெல்லாம் பிறகு.

திருப்பதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் நாங்கள் இருவரும் தற்காலிகக் குமாஸ்தாக்கள். இருந்தது ஒரே ஒரு நிரந்தர இடம். ஆடி முடிவதற்குள் அது யாருக்கென்று ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா சொல்லிவிடுவார். கிடைக்காதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் போனால் வக்கீல் அப்பாவின் வீட்டுக்குப் போவாள். நான் போனால் புத்தூர்ப் பக்கத்தில் கடலைக்காட்டுக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பத்திரத்தில் கட்டைவிரல் வைக்கும் நைனாவுக்குப் பிறந்த நான், தமிழ்ப் பேப்பரையும் தெலுங்குப் பேப்பரையும் மாற்றி மாற்றி வாசிப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருக்கட்டுமே.

ஆந்திரா தனி மாநிலமாகியிருந்த காலம். எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் யாருக்கு என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. திருத்தணி எங்களுக்கு என்று ஒரு கமிட்டி ரயிலை மறிக்கும். விடமாட்டோம் என்று இன்னொரு கமிட்டி திருப்பதியில் கடையை மூடும். சித்தூரில் ஒரு நாள் ஊர்வலம், மறுநாள் கல்வீச்சு. எங்கள் ஸ்டோருக்கு மருந்தும் பால் பவுடரும் மதராஸிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக வரும். அரிசியும் விறகும் சித்தூரிலிருந்து பாகாலா வழியாக வரும். எங்கே எது நிற்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் வார்டில் பால் கரைக்க முடியும். அதனால் டாக்டரம்மா காலையில் ஸ்டோர் வாசலில் நின்று முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வாரம் எந்த வழி திறந்திருக்கும்?

அவர் பெஜவாடாப் பக்கத்துக்காரர், தெலுங்கில்தான் பேசுவார். நானும் தெலுங்கிலேயே பதில் சொல்வேன். அந்தப் பதிலுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேப்பரையும் படித்துவிட்டு ஸ்டேஷன் வரை நடந்துபோய்ப் பார்த்து வருவேன். ஊர்வலம் பெரிதாக இருக்கப்போகிறது என்றால் சோடாக்கடைக்காரர் முந்தின நாளே பாட்டில்களை உள்ளே அடுக்கிவிடுவார். பாட்டில்தான் முதலில் பறக்கும். பஸ் முதலாளிகள் புது பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டு, கண்ணாடி விரிசல் விட்ட பழைய பஸ்ஸை சித்தூர் ரோட்டில் விடுவார்கள். இதையெல்லாம் கவனித்துக் கோத்து, நாளை விறகு வராது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே சொல்வாள்.

"மேடம், நாளைக்கும் மறுநாளும் சித்தூர் பந்த். நான்னா சொன்னாரு."

அவ்வளவுதான். அவள் அப்பாவைத்தான் நான்னா என்பாள். பந்த் நடத்தும் கமிட்டி கூடுவதே அவர் வீட்டு முன்னறையில். நான் ஊரைச் சுற்றிச் சலித்து எடுத்ததை அவள் காலைக் காப்பியோடு குடித்துவிட்டு வந்திருப்பாள். அவள் சொன்னது பலிக்கும். நான் சொன்னதும் பலிக்கும். ஆனால் அவள் முதலில் சொல்லியிருப்பாள்.

அவளுடைய பஃப் கை ஜாக்கெட்டைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. மல்லிகைப்பூவுக்கும் இல்லை. ஒரு விஷயம் தெரியாதபோதுகூட அவள் முகம் வாடாது, அதற்குத்தான் என் வயிறு எரிந்தது. தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருக்கும். நான் யாரைக் கேட்பேன்?

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் கொண்டுவந்த செய்தி, வெள்ளிக்கிழமை திருத்தணியில் ரயில் மறியல் என்பது. பால் பவுடர் பார்சல் அன்று மாலை வண்டியில்தான் வர வேண்டும். ஸ்டோரில் இருந்த டின்கள் அந்த வாரத்துக்கு மேல் தாங்காது.

"காட்பாடி வழியா மாத்திடலாமா?" என்றார் டாக்டரம்மா. காட்பாடியில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். பெட்டி எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. "வேணாம் மேடம். வெள்ளிக்கிழமை ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைக்கு ஜனம் காவடி எடுத்துக்கினு வரும். அன்னிக்கு வண்டிய எவனும் மறிக்க மாட்டான்."

அவள் சிரித்தாள். "ஏமே, கூட்டம் இருக்கற நாளாப் பாத்துத்தானே மறிப்பாங்க?"

"மறிக்கட்டும். காவடிக்காரங்களே அடிச்சி வெரட்டுவாங்க. உங்க வக்கீலுங்க யாராச்சும் காவடி தூக்கியிருக்காங்களா?"

"எங்க நான்னா கோர்ட்டுக்குக் கேஸ் கட்டுதான் தூக்குவாரு," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "உங்க நைனா தூக்குவாரா?"

"வருஷா வருஷம். இந்த வருஷமும் போறாரு. போன ஞாயித்துக்கெழம ஊருக்குப் போனப்ப அவரே சொன்னாரு."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சரி, நீ சொல்ற வழியிலயே வரட்டும்," என்றார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. நிரந்தரக் குமாஸ்தா என்று மனதுக்குள் கையெழுத்துக்கூடப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரி வண்டிக்காரரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மறியல் நடக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு, காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றினார்களாம். எங்கள் பக்கத்துக்கு வர வேண்டிய வண்டி கொஞ்சம் தாமதமாக, ஆனால் வந்தேவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பிலேயே பார்சல் கிளார்க்கிடம் போனேன்.

"ஆஸ்பத்திரிக்கா? ஒண்ணும் இல்லியேம்மா. கிருத்திகைக் கூட்டம்னு மதராஸ்ல பார்சலே வாங்கல. திங்கக்கெழமதான் இனி."

வண்டி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. காவடிகளோடு வரும் வண்டியில் பெட்டிகளுக்கு இடம் இருக்காது என்பதை யோசிக்கவில்லை. வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வண்டியில் வரும் பார்சலுக்காக நான் இதுவரை காத்திருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வண்டியில் வெறுங்கையோடு திரும்பினேன். ஸ்டோரில் விளக்கு எரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து டின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் பால் பவுடர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து நான்னாகிட்ட சொன்னேன்," என்றாள். "சித்தூர்ல அவர் கேஸ் நடத்துற கட்சிக்காரர் ஒருத்தருக்குக் கடை இருக்கு. போன் பண்ணாரு. பாகாலா வண்டில போட்டு அனுப்பிட்டாங்க. உன் பார்சல் எங்கே?"

"திங்கக்கெழம வரும்."

அவள் கேலி செய்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "அப்ப திங்கக்கெழம வரைக்கும் இது போதும்ல?" என்று என்னிடமே எண்ணிப் பார்க்கச் சொன்னாள். எண்ணினேன். போதும்.

சனிக்கிழமை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வண்டி வரும்னு நீ சொன்னே, வந்துச்சு. அவ பால் கொண்டாந்தா. எனக்குப் பால்தான் வேணும்மா."

"எங்க வூட்ல டெலிபோன் இல்ல மேடம்."

தெலுங்கு மறந்து தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். இடம் அவளுக்கு என்ற முடிவை மட்டும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நைனா மொட்டைத்தலையில் சந்தனத்தோடு, நல்ல சந்தோஷத்தில் இருந்தார். எனக்குச் சோறு போடச் சொல்லிவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த வருசம் நல்ல தரிசனம். திரும்பி வரச்சொல்லோ வண்டில ஒரு தொந்தரவும் இல்ல. பார்சல் பொட்டியக் காலியா வுட்டுருந்தாங்க. காவடியெல்லாம் அதுலதான் வெச்சிக்கினு வந்தோம். ஒரு மயிலிறகுகூட நசுங்கல, பாரேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னா? வேல நெலச்சிதா?"

"அவளுக்குக் குடுத்துட்டாங்க."

"அந்த வக்கீல் பொண்ணுக்கா?" சற்று நேரம் தலையைத் தடவிக்கொண்டார். "கெட்டவளா அவ?"

"இல்ல நைனா. கெட்டவளா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அது அவருக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியதா என்ன? குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

"துன்னு மொதல்ல. அப்பறம் இன்னா பண்ணப்போற?"

"சித்தூர்ல சப்ளை ஆபீசுல ரெண்டு பாஷையும் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். நாளைக்கே மனு போடணும்."

"அட, நல்லதாப் போச்சே! யார் சொன்னது?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"அவதான்," என்றேன்.