கரிமீன் குழியும் இரண்டு பலகைகளும்

பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவனை எங்கள் ஊரில் கிறுக்கன் என்பார்கள். என்னையும் சொன்னார்கள். போய்யா, சொல்லிவிட்டுப் போ.

நெய்யாற்றின்கரையில் நான் குமாஸ்தா. ஞாயிறுதோறும் தனுவச்சபுரத்து மலையாள வாத்தியார் ஒருவரோடு, குளத்தூர்ப் பக்கம் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தூண்டில் போடுவேன். விற்பதற்கில்லை, வெறும் ஆசைக்கு. முட்டை வைத்த கரிமீன் சிக்கினால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுவோம். டீக்கடையில் கேட்பார்கள்: "எலே, விடுகதுக்கு என்னத்துக்குலே பிடிக்க?"

அங்கே கண்டல் மரங்களின் வேருக்கடியில் ஒரு குழி உண்டு. கரிமீன் அதில் முட்டையிட்டு, ஜோடியாகக் காவல் நிற்கும். அந்தக் குழியில் மட்டும் நாங்கள் தூண்டில் போடுவதே இல்லை. பாறை உடைக்கும் தோட்டாவைத் தண்ணீரில் வீசி மீன் வாருகிற ஒருவன், ஆற்றில் மேலே இருந்த குழிகளையெல்லாம் முடித்துவிட்டான். குஞ்சுகூட மிஞ்சவில்லை. பாக்கி இது ஒன்றுதான்.

இங்கே வெடி போடக் கூடாது என்று தமிழில் எழுதிப் பலகை நட்டேன். எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. தமிழில் எழுதிய எதுவும் போலீசுக்குப் போராட்டம்தான். மறுநாளே பிடுங்கிவிட்டார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாத்தியார் அதையே மலையாளத்தில் எழுதி நட்டார். அதை எங்கள் ஆட்களே காயலில் எறிந்தார்கள்.

"நம்ம மண்ணாக்கும் இது. இங்க மலையாளம் எதுக்கு?" என்றான் என்னோடு ஊர்வலம் வந்தவன்.

"மீனெல்லாம் செத்த பொறவு மண்ண வச்சு என்ன மக்கா செய்யுவ?" என்றேன். அவன் பிறகு என்னோடு பேசவில்லை. நான் ஊர்வலத்துக்குப் போவதையும் விடவில்லை.

பலகை நிற்காவிட்டால் ஆள் இருப்போம் என்று முடிவு செய்தோம். அடுத்த ஞாயிறு காலையில் குழிக்கு மேலே வேரில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டோம். தோட்டாக்காரன் பையோடு வந்தான்.

"எழும்புங்க. காலு போவும்."

"போனா போவட்டு. போடு."

"ஞானும் எணீக்கில்ல" என்று, தானும் எழும்ப மாட்டேன் என்றார் வாத்தியார். அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது. பயத்தில் நான் வேரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவன் வாய்க்கு வந்தபடி திட்டினான், பையைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறும் வந்தான். நாங்களும் இருந்தோம். விடுமுறை நாட்களிலும் போய் இருந்தோம்.

கடைசியில் எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் நான் கேட்ட பக்கம் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி அந்த வாத்தியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அந்த ஞாயிறு காலை வரை யோசித்தேன். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் முன்னாடியே வந்து, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். என் இடத்தை விட்டு வைத்திருந்தார்.