செம்பருத்திக்குள் ஒரு கேமரா

“இது உங்களுக்கு இனி வேண்டாம்தானே?” என்று கேட்கும்போதே கழற்றிய பழைய கேமராவைத் துடைத்துத் தன் பைக்குள் போட்டுவிடுகிறார் கேமராக்காரர். பதிலுக்கெல்லாம் காத்திருக்கிற வழக்கம் கிடையாது. வீட்டு வாசல்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது அவர் தொழில். திருடனுக்காக விழித்திருந்து அலுத்துப்போனவை எல்லாம் அவர் வீட்டுத் தோட்டத்துக்குப் போய், குருவி பார்க்கிற உத்தியோகத்தில் சேர்ந்துவிடும்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தட்டுக்கு மேலே, மூடிப்போன ஒரு கடையின் வட்டக் கேமரா. அதில் மைனாக்கள் மண்டையும் முதுகுமாகவே தெரியும். சோப்பு டப்பாவுக்குள் திரை உடைந்த செல்போன் ஒன்று, சிட்டுக்குருவிகள் இறக்கை அடிப்பதை மெதுவாக ஓட்டிக் காட்ட. யாரோ தொட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வாங்கிய கேமரா, செம்பருத்திச் செடிக்குள் கொண்டைக்குருவியின் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இவனுக்கு மட்டும்தான் சார் பழைய வேலையே கெடச்சிருக்கு” என்று அதைச் செல்லமாகத் தட்டினார்.

இத்தனைக்கும் ரசிகர் ஒரே ஒருவர், அவருடைய அக்கா. வீட்டில் இருப்பதே இவர்கள் இருவர்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பில் கம்பி வைத்துக்கொண்டு வந்த அக்கா, அதன் பிறகு கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். எலும்பு கூடிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பயம் விட வேண்டுமே! வாக்கரில் துண்டு காய்கிறது. கட்டிலுக்கு எதிரே டி.வி.யில் தோட்டம் கட்டம் கட்டமாக ஓடுகிறது.

“என்னடா எடுத்திருக்க? வாலுதான் தெரியுது.”

“அது திரும்பி உக்காந்தா நான் என்னக்கா பண்றது? கொஞ்சம் இப்படிப் பாரும்மான்னு கெஞ்சவா?”

“கெஞ்சேன். கொறஞ்சா போயிடுவ?”

கூட்டில் குஞ்சு பொரித்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அந்த ரெண்டு இலை மறைக்குதுடா” என்று நச்சரித்தார். அக்கா கேட்டு இவர் எதை மறுத்திருக்கிறார்? கத்தரியோடு போய் நறுக்கிவிட்டார். குஞ்சுகளின் தொண்டைக்குழி வரைக்கும் தெரிந்தது. படம் பிரமாதம்.

மறுநாள் மதியம் எங்கள் வாசலில் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர், நடுவில் போனை எடுத்துக் கூட்டைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. என்னிடமும் காட்டினார். நறுக்கிய இடைவெளி வழியாக வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியிருந்தது. தாய்க்குருவி இறக்கைகளை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

“எரை தேடப் போனா குஞ்சு கருகிடும். போகலைன்னா பட்டினி. நெழலுன்னுதானே சார் அந்த எலைக்கடியில வந்து கட்டுச்சு... என் கையாலயே வெட்டிட்டேனே!”

அவர் வீடு ஊரின் மறுகோடியில். என்ன பறந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆனாலும் இறங்கக் காலெடுத்தார். அப்போது தாய்க்குருவி விருட்டென்று பறந்துபோயிற்று. படம் இருண்டது. அடுத்து ஒரு குடையின் விளிம்பு தெரிந்தது. அதைக் கிளைகளுக்கு நடுவே செருகுகிற ஒரு கை, வாக்கரின் கம்பி, வியர்த்த முகத்தில் பாதி.

“அக்கா...” என்றார்.

குடை நின்றுவிட்டது. குஞ்சுகள் நிழலுக்குள் இருந்தன. இனி அக்கா திரும்பிப் போக வேண்டும். வீட்டில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

“ஒரு போன் பண்ணுங்களேன்” என்றேன்.

“வேணாம் சார். போன் கட்டில்ல கெடக்கும். மணி அடிச்சா எடுக்க ஓடுவா.”

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். படத்தின் ஓரத்தில் அக்கா வாக்கரை மெல்லத் திருப்பி முதல் அடி எடுத்து வைத்தார். கேமராக்காரர், ஆளை விழாமல் தாங்குவதுபோல, போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.