வெந்த கிரகத்துக்கு ஆள் தேடியவர்கள்

வானத்தைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குவது சுகமான வேலை என்று நினைப்பவர்கள், கூடாரத்துக்குள் ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து நிற்கட்டும். வாடிக்கையாளர் முன்னால் நின்று பிழைக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும்.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறேன். வார இறுதியில் காதர் அண்ணனிடம் வேலை. ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், காற்றடித்து நிறுத்தும் கருப்புக் கூடாரம் ஒன்றை வாங்கி, மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்கப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் வானக் காட்சி போடுகிறார். தமிழ்க் காட்சிக்கு நான்தான் குரல். ஓர் ஆரஞ்சுக் குள்ள நட்சத்திரம், அதைச் சுற்றும் ஒரே ஒரு கிரகம், இவ்வளவுதான் கதை. ஆனால் தமிழ்க் காட்சிக்கு முன்பதிவு குறைந்துகொண்டே வந்தது. வருடம் தவறாமல் கூப்பிடும் சுங்காய் ஊர்ப் பள்ளியும் கைவிட்டால் அதை நிறுத்திவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு வாரமும் பேசினேன்.

குறைவு என்றால் எவ்வளவு குறைவு?

ஈப்போவில் ஒரு காட்சி. "இந்த நட்சத்திரம் சூரியனைவிடச் சின்னது, வெப்பமும் குறைவு. அதனால்தான் ஆரஞ்சு நிறம்" என்றேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். சிவக்கச் சிவக்கத்தானே சூடு ஏறும், நீ தலைகீழாகச் சொல்கிறாயே என்று சண்டை. அடுப்பில் நீல ஜுவாலையைப் பார்த்ததில்லையா என்று நானும் விடவில்லை. வாசலில் நின்ற காதர் அண்ணன், 'போதும்' என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, வெப்பம் குறைவுன்னா மனுசன் தாங்குவானா?" என்றார் முன்வரிசைக்காரர். இரும்பைப் போட்டால் ஆவியாகிவிடும் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் என்னாத்துக்கு தங்கச்சி குறைவுன்னு சொன்னே?"

முன்னறிவிப்பு

சித்தியவானில் ஒரு தேவாலய மண்டபம். எடை குறைந்த நட்சத்திரம் எரிபொருளை நிதானமாகச் செலவழிக்கும், நம் சூரியன் அணைந்து பல நூறு கோடி ஆண்டுகள் போன பிறகும் இது எரிந்துகொண்டிருக்கும் என்றேன். சூரியன் அணையும் என்பதை அவர்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பின்னால் யாரோ ஜெபிக்க ஆரம்பித்தது கேட்டது. போச்சு, இவர்களும் இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது பாடகர் குழுவில் இருந்த ஓர் அக்கா சத்தமாகச் சொன்னார்: "பரவால்ல லா. எஸ்டேட்ட வித்துட்டு எங்கள வெளிய போகச் சொன்னப்போ இவ்ளோ முன்கூட்டி யாரும் சொல்லல."

கறி முடிந்துவிட்டது

சுங்காய் போகும் வழியில், வேனுக்குள். "அந்தக் கிரகத்துல உயிர் இருக்குன்னு ஒரே ஒரு வரி சொல்லிடு" என்றார் காதர் அண்ணன். முடியாது என்றேன். நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சில நாளிலேயே ஒரு சுற்று முடிக்கிற கிரகம் அது. வெந்து கிடக்கிறது.

"பசியோட வர்றவன்கிட்ட கறி முடிஞ்சுபோச்சுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுவாங்களா?"

"இல்லாத கறிக்கு எவ்ளோ நேரம் உக்கார வைப்பீங்க அண்ணே?"

வேனை நிறுத்தும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னைக்கு அந்த வரி வரலன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து மலாய்க் காட்சி மட்டும்தான்."

சுங்காய்

பழைய ரப்பர் தோட்டத்து மண்டபம். பிள்ளைகளோடு பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரும் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தார். அடுத்த வருடம் எங்களைக் கூப்பிடுவதா என்று முடிவு செய்பவர் அவர்தான். கிரகத்தில் உயிர் உண்டா என்ற இடத்துக்கு நான் வரும் முன்பே இருட்டிலிருந்து அவரே கேட்டார்: "அங்க யாராச்சும் இருக்காங்களா?"

அண்ணன் மூன்றடியில் நிற்கிறார் என்று தெரியும்.

"இல்லைங்க ஐயா."

"நீ போய்ப் பாத்தியா?"

"யாரும் போகல. கிரகத்தையே நேரா பாக்கல. நட்சத்திரத்தோட வெளிச்சம் சில நாளுக்கு ஒருதரம் கொஞ்சூண்டு குறையுது. குறுக்க ஏதோ போகுது. அத வச்சுத்தான் கணக்குப் போட்டாங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். காதர் அண்ணன் சட்டென்று கூடார வாசல் ஜிப்பை இழுக்க, வெயில் உள்ளே கொட்டியது. காட்சி முடிந்தது என்று அர்த்தம். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. இரட்டைச் சடைக்காரி ஒருத்தி என்னை முறைத்தாள். "தள்ளி இன்னொரு கிரகம் இருந்தா அங்க யாராச்சும் இருக்கலாம்ல அக்கா?" இருக்கலாம், இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். "அப்ப ஏன் இல்லேன்னீங்க?" "நான் இதுக்கு மட்டும்தான் இல்லேன்னேன்!" அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். வெளியே பள்ளிப் பேருந்து ஹார்ன் அடித்து ஓய்ந்தது.

தலைவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. காதர் அண்ணனிடம் போய்ச் சொன்னார்: "அடுத்த வருசமும் வாங்க பாய். இந்தப் பிள்ளைங்க இவள இன்னும் விடல."

எத்தனையோ ஒளியாண்டு தள்ளி இருக்கும் நட்சத்திரத்தைப் பற்றி உண்மை பேசுவது சுலபம்தான், மூன்றடி தள்ளி நிற்கும் முதலாளியின் காதில் விழாமல் இருந்தால்.